ஐயாயிரம் கிலோமீட்டர் என்று யார் சொன்னது?

ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. வண்டிக்கு அடியில் கையை விட்டு, இன்ஜினின் பின்புறம் ஒன்றுக்குமேல் ஒன்றாக இருக்கும் இரண்டு சின்னக் குழாய்களைத் திருகிப் பார்க்க வேண்டும். மேல் குழாயில் ஒழுகினால் ஆயில் போதுமான அளவு இருக்கிறது. கீழ்க் குழாயும் காய்ந்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. ஆயில் பம்பும் இல்லை. சுழலும் ஃப்ளைவீல் வாரி இறைக்கிற ஆயில்தான் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். ஃபில்டர் என்ற பொருளே அந்தக் காரில் இல்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் இப்படித்தான் தயாராகி ஓடின.

அந்தக் காலத்து ஃபோர்டு கையேட்டின்படி, புது வண்டி 400 மைல் ஓடியதும் ஆயிலை வடித்துவிட வேண்டும். பிறகு 750 மைலுக்கு ஒரு முறை. நம் கணக்கில் சுமார் 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் புறப்பட்டால், திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டை அருகே நிறுத்தி ஆயில் மாற்றியாக வேண்டும்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள். காற்று வடிகட்டி இல்லாததால் புழுதி நேராக கார்புரேட்டர் வழியே உள்ளே போனது. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்தது. ஆயிலிலும் இன்று இருப்பது போன்ற ரசாயனக் கலவைகள் கிடையாது. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் கிடைக்கும் வெறும் எண்ணெய்தான். சூட்டில் அது சீக்கிரம் கெட்டது. அழுக்கை வெளியே எடுக்க ஒரே வழி, ஆயிலோடு சேர்த்து வடித்து ஊற்றுவதுதான்.

தொழிற்சாலைகளுக்கு வடிகட்டும் இயந்திரங்கள் செய்துவந்த அமெரிக்கர் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்பவரோடு சேர்ந்து 1923-ல் காருக்கான ஆயில் ஃபில்டரை உருவாக்கினார். அதுதான் ப்யூரோலேட்டர். மறு வருடமே வால்டர் கிரைஸ்லரின் முதல் கார் ஃபில்டரோடு சந்தைக்கு வந்தது. ஆனால் அந்த ஃபில்டர் இன்று நாம் நினைக்கிற மாதிரி வேலை செய்யவில்லை. பம்பு அனுப்பும் ஆயிலில் ஒரு சிறு பங்கு மட்டும் தனிக் கிளையாகப் பிரிந்து ஃபில்டருக்குள் போய், சுத்தமாகி, சம்ப்புக்குத் திரும்பும். மிச்சமெல்லாம் வடிகட்டாமலேயே பேரிங்குக்குப் போகும். திரும்பத் திரும்பச் சுற்றும்போது என்றைக்காவது எல்லா ஆயிலும் ஃபில்டரைத் தொடும் என்பது கணக்கு. மொத்த ஆயிலையும் அதன் வழியே அனுப்பத் துணியாததற்குக் காரணம் உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் வறண்டுபோய்விடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுவதையும் வடிகட்டும் முறை பரவியது. மடிப்பு மடிப்பாக மடித்த காகிதம் குறைந்த இடத்தில் நிறைய ஆயிலை வடித்தது. காகிதம் அடைத்தால் தானே திறந்து ஆயிலுக்கு மாற்றுவழி விடும் சின்ன வால்வு, பழைய பயத்தைத் தீர்த்தது. அப்படியும் மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது. செவ்ரோலே 1955-ல் கொண்டுவந்த புகழ்பெற்ற வி-8 இன்ஜினில் ஃபில்டர் பொருத்த இடமே வைக்கவில்லை. அடுத்த வருடம்தான் வைத்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கையாலேயே திருகிக் கழற்றித் தூக்கிப்போடும் டப்பா ஃபில்டரை வட கரோலினாவின் விக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. இன்றைக்குக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் அதன் வாரிசுகள்.

இந்த வரிசையில் சேராமல் தனிவழி போனது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். உலகம் முழுக்க இரண்டு கோடிக்கு மேல் விற்ற அந்தக் காரில், அதன் பொற்காலம் முழுவதும் காகித ஃபில்டர் கிடையாது. இன்ஜினுக்கு அடியில் ஆறு நட்டுகளைக் கழற்றினால் ஒரு வட்டத் தகடு வரும். அதற்கு மேலே காப்பி வடிகட்டி மாதிரி ஒரு கம்பி வலை. அதைப் பெட்ரோலில் கழுவி, இரண்டு கேஸ்கட்டுகளை மாற்றி, திரும்ப மாட்டி, இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டும். 1960-களின் கையேடு இதற்குச் சொன்ன இடைவெளி 5,000 கிலோமீட்டர். மைல் புழங்கிய நாடுகளில் 3,000 மைல். நம் ஒர்க் ஷாப்புகளில் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்படும் ஐயாயிரம், அந்த நாளில் ஃபில்டரே இல்லாத ஒரு காருக்குச் சரியாக இருந்த கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயிலும் இதற்குள் வேறு பொருளாகிவிட்டது. 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் இன்ஜின்களில் கரி படிந்து ரிங்குகள் ஒட்டிக்கொண்டன. அதற்கு மருந்தாக கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் 1935-ல் விற்கத் தொடங்கிய டெலோ ஆயிலில், கரியைப் படியவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும் ரசாயனம் இருந்தது. போருக்குப் பிறகு பெட்ரோல் கார்களின் ஆயிலிலும் அது சேர்ந்தது. அதுவரை ஆயில் தெளிவாக இருந்தது. கசடு அடியில் தங்கியது. இப்போது ஆயில் கறுத்தது, இன்ஜின் சுத்தமானது. டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, “கறுத்துப் போச்சு சார், மாத்திடலாம்” என்று சொல்லும் வழக்கம் இன்னும் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு என்பது ஆயில் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

1940-களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கலவை வந்தது. கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் உரசும் இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுப்பது அதன் வேலை. 1950-களில் மல்டிகிரேடு ஆயில் பரவியது. 1959-ல் வந்த மினி காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் ஆயிலைச் சின்னாபின்னம் ஆக்கின. அப்படிப்பட்ட வண்டிகளுக்கென்று இங்கிலாந்தில் டக்காம்ஸ் விற்ற பச்சை நிற 20டபிள்யூ-50 ஆயில், அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் எல்லாவற்றுக்கும் வழக்கமாயிற்று.

ஃபில்டரும் ஆயிலும் தேறிய பிறகு இடைவெளி நீள வேண்டியதுதானே? நீண்டது. அமெரிக்காவில் ஆயிரம் மைல் என்றிருந்தது, 1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டு விளம்பரங்களில் 4,000 ஆனது. 1970-களில் மொபில் 1 சிந்தெடிக் ஆயில் 25,000 மைல் வரை போகலாம் என்றே மார்தட்டியது. அதே பத்தாண்டில்தான் யூட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஃபி லூப் போன்ற பத்து நிமிட ஆயில் கடைகள் பெருகின. மூன்று மாதம் அல்லது மூவாயிரம் மைல் என்பது அவற்றின் மந்திரம். முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டும் ஸ்டிக்கரில் அடுத்த தேதியை எழுதித் தருபவரே ஆயில் விற்பவராகவும் இருந்தால் இடைவெளி எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மந்திரத்தை 1996-ல் சோதித்துப் பார்த்தது கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை. நியூயார்க் நகரின் 75 டாக்சிகளில் புதுப்பித்த இன்ஜின்களைப் பொருத்தி, வெவ்வேறு ஆயில்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். மூவாயிரம் மைலில் ஆயில் மாற்றிய வண்டிக்கும் ஆறாயிரத்தில் மாற்றிய வண்டிக்கும் தேய்மானத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பின்னாளில் கலிஃபோர்னியா மாநில மறுசுழற்சித் துறையே, மூவாயிரத்தை மறந்துவிட்டுக் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் எனப் பிரசாரம் செய்தது. கழிவு ஆயிலைச் சமாளிக்கும் தலைவலி அவர்களுடையது.

பழைய கார் வைத்திருப்பவர் இந்த டாக்சிக் கதையைக் கேட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. டாக்சி காலையில் சூடானால் நள்ளிரவு வரை ஆறுவதில்லை. வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கும் அம்பாசடரோ பத்மினியோ ஞாயிற்றுக்கிழமை கோயில் வரைக்கும் போய் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் அவ்வளவு சூடேறாது. நீரும் எரியாத பெட்ரோலும் அமிலமும் உள்ளேயே தங்கி, வால்வு மூடியின் உட்புறம் வெண்ணெய் பூசியதுபோல் கசடு பிடிக்கும். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல் அடியோடு நின்றது ஆயிலுக்கு நல்ல செய்தி. ஈயத்தோடு வந்த அமிலத் தொல்லை போயிற்று. இப்போது கலக்கப்படும் எத்தனாலோ ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஆகப் பழைய வண்டிக்கு ஓடோமீட்டரைவிட நாள்காட்டி முக்கியம்.

உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். அந்தக் குடும்ப இன்ஜின்களில் பழைய பாணி ஃபில்டர்: நீள போல்ட் ஒன்று தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கிண்ணம், உள்ளே ஸ்பிரிங், வாஷர்கள், நடுவே காகித எலிமெண்ட். கிண்ணத்தின் விளிம்பு உட்காரும் காடியில் ஒரு ரப்பர் வளையம். இதைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். பழையதின் மேலேயே புதியதை வைத்து முடுக்கினால், இன்ஜின் முறுக்கும்போது அழுத்தம் தாங்காமல் ஆயில் பீறிட்டு நிமிடங்களில் சம்ப் காலியாகிவிடும். உள்ளே வாஷர் ஒன்று விட்டுப்போனால் இன்னும் மோசம். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் ஆயில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு வடிபடாமலேயே போகும்.

சென்னையில் இந்த எலிமெண்டைத் தேடுபவர்கள் ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்குவார்கள். பழைய கிண்ணமோ போல்ட்டோ வேண்டுமென்றால் புதுப்பேட்டை. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் அதே பாதைதான். கடைக்காரர் “இதுவும் உட்காரும் சார்” என்று நீட்டும் ஃபில்டரில் பார்க்க வேண்டியவை சில உண்டு. மரை ஒத்துப்போவது மட்டும் போதாது; ரப்பர் வளையத்தின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும், மாற்றுவழி வால்வு திறக்கும் அழுத்தமும் இன்ஜினுக்குப் பொருந்த வேண்டும். ஃபில்டர் படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்படும் வண்டியாக இருந்தால், நிறுத்திய பிறகு ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அவசியம். அது இல்லாத மலிவு ஃபில்டரை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கேட்கும் கடகட சத்தமே காட்டிக்கொடுக்கும்.

வடிகட்டும் நுண்மையும் சின்ன விஷயமில்லை. 1988-ல் அமெரிக்காவில் ஒரு டீசல் இன்ஜினில் செய்த ஆய்வில், 40 மைக்ரான் ஃபில்டருக்குப் பதில் 30 மைக்ரான் போட்டதும் தேய்மானம் பாதியானது. 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. அதற்காக மிக நுண்ணிய ஃபில்டரைப் பழைய இன்ஜினுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. பல வருடம் கசடு பிடித்துக் கிடந்த இன்ஜினில் நல்ல ஆயிலை ஊற்றினால் கசடு கரைந்து வந்து அதே ஃபில்டரை அடைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு முதல் ஆயிலும் ஃபில்டரும் ஆயிரம் கிலோமீட்டரிலேயே போகட்டும்.

ஆயில் டின்னில் ‘லேட்டஸ்ட்’ என்று போட்டிருப்பதெல்லாம் பழைய காருக்கு உயர்ந்தது என்று எண்ணுவதும் பிழை. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுப்பதால், 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்திலிருந்து மெல்லிய ஆயில்களில் அதன் அளவுக்கு 0.08 சதவீதம் என உச்சவரம்பு வைத்தார்கள். கன்வெர்ட்டரே இல்லாத, தட்டை டேப்பெட் கொண்ட அம்பாசடருக்கு அந்தப் பாஸ்பரஸ்தான் கவசம். நல்லவேளையாக, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. நம் ஊர்ச் சூட்டுக்கும் தேய்ந்த பேரிங்குக்கும் ஏற்றதும் அதுதான். சாதாரண மினரல் ஆயில் போதும்.

ஆகவே கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவருக்குக் கணக்கு இது: ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது, ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் சேர்த்து. இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடியுங்கள், கசடும் கூடவே வரும். கழற்றிய எலிமெண்டின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங்கைக் கவனிக்கும் வேளை வந்துவிட்டது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், சென்டரிங் பலகைக்குப் பூசவும் கொடுத்துவிடாதீர்கள். பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் ஒர்க் ஷாப்பாகப் பார்த்து ஒப்படையுங்கள்.