அறளையும் முப்பது புள்ளியும்

உத்தியோக நிமித்தம் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, காலி வீதிக்கும் கடலோரத்து இருப்புப்பாதைக்கும் இடைப்பட்ட கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே வீடெடுத்துக் குடியேறிய குடும்பங்கள், பனங்கிழங்கையும் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தது போலவே, முதுமையில் வரும் மறதிக்கென்று தம் ஊரிலே வழங்கிய ஒரு சொல்லையும் கொண்டுவந்தன. 'அறளை பெயர்தல்' என்பது அச்சொல். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் உலருமுன்னே, தனக்கு ஒருவரும் சோறு தரவில்லையென்று முறையிடும் அப்பாச்சியைப் பற்றி, 'அவவுக்கு அறளை பேந்துபோச்சு' என்று வீட்டார் சொல்லும்போது, அதில் நிந்தையும் இல்லை, பரிகாரம் தேடும் எண்ணமும் இல்லை. தலை நரைப்பதைப் போலப் பிராயத்தோடு வருவதொன்று என்பதே அதன் தாற்பரியம். அந்தச் சொல் எத்தனையோ முதியோரை வீட்டு விறாந்தையிலேயே கௌரவமாக வைத்திருந்தது என்பதையும், அதே சொல் ஒரு நோயை நோயென்று அறியவொட்டாமல் மறைத்தது என்பதையும் நான் ஒருங்கே நினைத்துப் பார்ப்பதுண்டு.

வீட்டுக்கு வெளியே, அரசாங்கத்தின் ஏட்டில், அறளைக்கு இடமிருக்கவில்லை. 1847இல் பொறளையிலே சித்தசுவாதீனம் இழந்தோருக்கான விடுதி அமைந்தது. 1873இல் மனநோய்ச் சட்டம் பிறந்தது. 1880களில் அவ்விடுதி கறுவாத்தோட்டத்தில் எழுந்த விசாலமான கட்டடத்துக்குப் பெயர்ந்து, 1926ஆம் ஆண்டளவில் அங்கொடைக்குச் சென்றது. கறுவாத்தோட்டத்துக் கட்டடம் பிற்காலத்தில் அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களமாகி, 2014 முதல் கடைத்தொகுதியாக விளங்குகிறது. அங்கே சாமான் வாங்கச் செல்வோரிற் பலருக்கு அதன் பூர்வ சரித்திரம் தெரியாது. சட்டம் கேட்ட வினா ஒன்றே: இவர் சித்தம் தெளிந்தவரா, அல்லவா? ஒருவருடைய ஞாபகம் நேற்றைக்கு இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டிய அவசியம் அச்சட்டத்துக்கு இருக்கவில்லை.

அளக்கும் ஆசை ஐரோப்பாவிலே தோன்றிற்று. 1901ஆம் ஆண்டு பிராங்பேர்ட் நகரத்து வைத்தியசாலையொன்றில், 51 வயதான ஒரு பெண்மணியின் முன் அமர்ந்து, பெயரையும் கணவரின் பெயரையும் கேட்டு, எழுதுகோல், திறவுகோல் போன்ற பொருள்களைக் காட்டி, சிறிது நேரத்தின் பின் காட்டியவை எவையென வினவிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், அவர் மரித்தபின் மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, 1906 நவம்பரில் டுபிங்கன் நகரத்திலே தம் முடிபுகளை வெளியிட்டார். எனினும், படுக்கையருகே பத்து நிமிஷத்தில் நடத்தி முடிக்கத்தக்க பரீட்சையொன்று உலகெங்கும் பரவுவதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ஷல் போல்ஸ்ரீன், சூசன் போல்ஸ்ரீன், போல் மக்ஹியூ ஆகிய மூவரும் அமெரிக்காவில் அவ்வாண்டு வெளியிட்ட சிறு பரீட்சைக்கு மொத்தம் 30 புள்ளிகள். திகதி, கிழமை, பருவகாலம், இடம். மூன்று சொற்களைக் கேட்டு மனத்திருத்திப் பின் சொல்லுதல். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து 93, 86, 79 என்று இறங்குதல். எழுதியிருப்பதை வாசித்து அதன்படி கண்களை மூடுதல். ஒரு வாக்கியம் எழுதுதல். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல். எளிதாகத் தோன்றும் இவை ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்து வாசனை உடையவை என்பதை, அப்பரீட்சை பள்ளிக்கூடம் காணாத கிராமங்களுக்குள் நுழைந்த பிறகே ஆய்வாளர்கள் உணர்ந்தார்கள்.

அந்த உணர்வுக்கு உருவம் கொடுத்தது ஹரியானாவின் பல்லப்கர் பிரதேசம். மேரி கங்குலியும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்ட ஹிந்தி வடிவத்திலே, ஏழேழாகக் கழிப்பதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் செய்தார்கள். எழுத்தை வாசித்துக் கண் மூடச் சொல்வதற்குப் பதிலாக, 'என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்' என்று கூறித் தாமே கண்ணை மூடிக்காட்டினார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பு என்னும் பெயர் இதற்குப் போதாது. கேட்கப்படுபவரின் சீவியத்துக்குள் புகுந்து, அங்கிருந்து வினாவை மீள எடுத்து வந்திருக்கிறார்கள்.

நம் தீவில் அப்பணி சிங்களத்திலே முதலில் நடந்தது. அசித டி சில்வாவும் குணதிலகவும் 2002இல் சிங்கள வடிவத்தின் தகுதியை நிறுவி, நோயைச் சந்தேகிப்பதற்குரிய எல்லையாக 17 புள்ளிகளைக் கொண்டார்கள். மேல்நாட்டிலோ அவ்வெல்லை 23க்கும் 24க்கும் இடையில் இருந்தது. மறுவருடம், ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் ஸ்மித்தும் சேர்ந்து, ராகமையில் 65 வயதைக் கடந்த 703 பேரிடம் நடத்திய ஆய்வின் பெறுபேற்றை வெளியிட்டார்கள்: நூற்றுக்கு 3.98 வீதத்தினருக்கு மறதிநோய், அவர்களுட் பெரும்பாலாருக்கு அல்சைமர் நோய். தமிழ்நாட்டின் திருப்போரூரில் 1997இல் கண்ட 3.5 வீதத்துக்கு இது வெகு தூரமானதன்று. தீவிலே 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 1981இல் சனத்தொகையின் 6.6 வீதமாயிருந்து 2012இல் 12.4 வீதமாகிவிட்டபடியால், இவ்விஷயம் இனி வீட்டு விறாந்தைக்குள் அடங்காது.

இனிக் கொழும்புத் தமிழரிடம் வருவோம். வெள்ளவத்தையில் ஒரு காலத்து லிகிதர் ஒருவரையும், கொட்டாஞ்சேனையில் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு மூதாட்டியையும் எதிரெதிரே இருத்தி, ஒரே தாளைக் கொண்டு பரீட்சித்தால் என்னாகும்? முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதிய லிகிதர், மறதி வீட்டாருக்குத் தெளிவாகப் புலப்படத் தொடங்கிய பின்னரும், 93, 86, 79, 72, 65 என்று தயக்கமின்றி இறங்கி, நல்ல புள்ளியோடு எழுந்து செல்லக்கூடும். எழுதுகோல் பிடித்தறியாத மூதாட்டியோ, முந்தாநாள் யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தாரென்பதைச் சதம் பிசகாமல் சொல்லக்கூடியவர், ஐங்கோணத்தின் முன் தோற்றுப்போவார். ஒருவருக்குப் பரீட்சை நோயை மறைக்கிறது. மற்றவருக்கு இல்லாத நோயைக் கற்பிக்கிறது.

மொழி அடுத்த சிக்கல். லிகிதர் ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்து, 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் சிங்களம் படிக்கும்படி பணிக்கப்பட்டு, வீட்டிலே தமிழ் பேசியவர். மூதாட்டியோ செபத்தைத் தமிழிலும் பேரத்தைச் சிங்களத்திலும் வைத்துக்கொண்டவர். இவர்களை எந்த மொழியில் கேட்பது? நான்கு பருவகாலம் இங்கில்லை. பருவக்காற்று வாரி இறைக்கும் மழை உண்டு, மழையற்ற நாள் உண்டு. மாதம் கேட்டால், கோயிலோடு பழகியவர் ஆடி என்பார். தாள் ஜூலையை எதிர்பார்க்கும். கிழமையும் இலகுவானதன்று. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே ஞாயிறு வாரவிடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் கலையைப் பின்பற்றிய போயா தினமே வாரத்தை வகுத்தது. அக்காலத்தில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதினர். தேசத்தின் பெயரே 1972இல் மாறிற்று. முதுமறதியிலே அண்மை ஞாபகம் முந்தி அழிந்து, பழையது பிந்தி நிற்குமாதலால், 'சிலோன்' என்று விடை வருமானால், அது நோயின் அடையாளமா, அறுபது வருஷப் பழக்கமா என்பதை ஒரு புள்ளி காட்டித் தராது.

இவ்விடர்ப்பாட்டைக் கண்டுதான், 1998இல் கொச்சியில் ஆரம்பித்த 10/66 என்னும் ஆய்வுக் குழுவினர், முதியவரை மாத்திரமன்றி அவரை நன்கறிந்த உறவினர் ஒருவரையும் வினாவும் முறையைக் கைக்கொண்டார்கள். மறதிநோயாளரில் நூற்றுக்கு 66 பேர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வோ பத்து வீதமே அங்கு நடக்கிறது என்பது அப்பெயரின் பொருள். சென்னை நகரத்திலும் வேலூர்க் கிராமங்களிலும் இம்முறை தமிழ் பேசுவோரிடையே நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய பரீட்சைத் தொகுதியோ முதலில் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்னும் ஐந்து மொழிகளில் அமைந்தது. அவற்றுள் தமிழ் இல்லாதது எனக்கு வருத்தமே. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிலே வைத்திய சாஸ்திரத்தையே தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீனின் பிரயாசையை அறிந்தவர்களுக்கு, தமிழிலே இது இயலாதென்ற வாதம் செல்லாது.

உறவினரைக் கேட்கும் முறை கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளுக்குப் பொருந்தலாம். வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. 1983 ஆடி மாதத்து இனக் கலவரத்துக்குப் பின் பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் போய்விட்டார்கள். அம்மாவின் குரலை ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்கும் மகனுக்கு, அவர் அடுப்பை அணைக்க மறப்பதும், ஒரே கதையை மூன்றாந்தரம் சொல்வதை அடுத்த வீட்டார் பொறுமையோடு கேட்டிருப்பதும் எப்படித் தெரியும்? இங்கே சாட்சி சொல்லத்தக்கவர் சமையலுக்கு வரும் பெண்மணியாகவோ, படிக்கட்டிலே தினமும் கண்டு பேசும் அயலவராகவோ இருக்கலாம். அவரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது.

வினாத்தாளின் ஆரம்பத்திலே 'நீங்கள் இருக்கும் தெரு எது?' என்றொரு கேள்வி வரும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கும் ஒழுங்கைக்கு இப்போது உருத்திரா மாவத்தை என்று பெயர். அங்கே வெகுகாலம் வாழ்ந்த ஒரு பெரியவர் '57ஆம் ஒழுங்கை' என்று சொல்லிவிட்டு, எழுதுபவரின் முகத்தைப் பார்த்தபடி இருப்பார். தெருவின் இரண்டு பெயரையும் அறிந்தவர் அந்தக் கதிரையில் அமர்ந்திருந்தால் மாத்திரமே அவருக்கு அந்தப் புள்ளி கிடைக்கும்.