பிந்தி வந்த வண்டி: விருதுநகர் – மானாமதுரைத் தடம் பற்றிச் சில குறிப்புகள்

ரயில் வரலாறு என்று எழுதப்படுவதெல்லாம் ரயில் போன ஊர்களின் வரலாறுதான். போகாத ஊர்களுக்கும் ஒரு ரயில் வரலாறு உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிச் சீமையின் வரலாறு அப்படிப்பட்டது.

1876இல் மதுரை – தூத்துக்குடிப் பாதை விருதுபட்டி வழியாகப் போயிற்று. 1902இல் மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்துக்கு ஒன்று. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு, 1930இல் புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்கு. இரண்டு முனையும் ஜங்ஷன் ஆகிவிட்டன. நடுவில் கிடந்த ஏறக்குறைய 67 கிலோமீட்டர் கரிசலும் கண்மாய்ப் பூமியும் மாட்டுவண்டிக்கே விடப்பட்டது. இங்கே மீட்டர்கேஜ் வந்து சேர்ந்தது 1963-64இல். முதலில் அருப்புக்கோட்டை வரை, பிறகு மானாமதுரை வரை.

ஏன் இத்தனை தாமதம்? 'வானம் பார்த்த பூமி, அங்க என்ன வருமானம்' என்பது சுலபமான பதில். காலனிய ரயில் நிலத்தை அளந்த கோல் வேறு. பருத்தி துறைமுகத்துக்குப் போகணும். அதற்குத் தூத்துக்குடிப் பாதை. யாத்ரிகர்களும் இலங்கைப் பயணிகளும் கடற்கரைக்குப் போகணும். அதற்கு மண்டபம் பாதை. அருப்புக்கோட்டைச் சரக்கு வண்டி கட்டித் தானாகவே விருதுபட்டி வந்து சேர்ந்துவிடும் என்றால் ரயில் எதற்கு அதைத் தேடிப் போக வேண்டும்? வழிப்பறிக்குப் பயந்து பேட்டை கட்டி, மகமை திரட்டி, வண்டிப்பாதைகளில் வளர்ந்த நாடார் வணிகத்தைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் உண்டு. ரயில் செய்யாத வேலையை மாடுகள் செய்தன.

சரக்கின் கதை இப்படி. மனிதர்களின் கதை இன்னும் கொடியது. தூத்துக்குடிப் பாதை திறந்த 1876ஆம் வருஷமே தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் ராமநாதபுரம், மதுரைச் சீமைக்காரர்கள் கணிசம். ரயிலுக்கு முந்தைய தலைமுறை கடற்கரை வரை நடந்தே போனது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்து 'போட் மெயில்' ஓடத் தொடங்கிய பிறகும் திருச்சுழிக்காரன் ரயிலைப் பார்க்க வேற ஊருக்குத்தான் போகணும். 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமணர், 1896இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட ரயிலேறியது மதுரையில்.

1964இல் பாதை முழுமை பெற்றது. அதே வருஷம் அக்டோபர் 30இல் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி பயணிகளோடு அலையில் போயிற்று. கடல் தாண்டிப் பிழைக்கப் போன காலம் முழுக்க இந்த ஊர்களுக்கு ரயில் இல்லை. ரயில் வந்த வருஷமே அந்த வழி அடைபட்டது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் தாமதம் என்பதே ஒரு கொள்கையாக இருந்த நிலத்தில் தற்செயல்கள் இப்படித்தான் வாய்க்கும்.

மீட்டர்கேஜ் என்பதும் செலவு குறைக்க வந்த அளவுதான். 1861இல் நாகப்பட்டினத்தில் அகலப்பாதையாகத் தொடங்கிய ரயிலையே 1870களில் மீட்டர்கேஜாகச் சுருக்கினார்கள். நூறாண்டு கழித்து, 1992இல், எல்லாவற்றையும் அகலமாக்கும் திட்டம் வந்தது. 1964இல் முடிந்த நம் தடமும் பெயர்க்கப்பட்டு 2013இல் அகலப்பாதையாகத் திறந்தது. சென்னை – செங்கோட்டை சிலம்பு எக்ஸ்பிரஸ் இந்த வழிதான். ஐம்பது வருஷம்கூட நிறையாத ஒரு பாதைக்கு என்ன எச்சம் இருக்கும்? இரும்பு ஏலத்துக்குப் போகும். நம்மூர்களில் பள்ளிக்கூட மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டுபோல ஏதாவது தப்பலாம்.

ஆனால் வாசிக்க வேண்டிய எச்சம் வேறொன்று: ரயில்மேட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலங்கள். இது சங்கிலிக் கண்மாய்களின் நாடு. ஒரு கண்மாய் கலுங்கு பாய்ந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு, மிஞ்சினது குண்டாற்றுக்கு. இந்த நிலத்தின் குறுக்கே மண்மேடு போடுகிற எஞ்சினியர் தண்ணீருக்கு வழி விட்டே ஆகணும், இல்லாவிட்டால் மேடு அரித்துக்கொண்டு போகும். அகலப்பாதைக்காகப் புதுப்பித்தாலும் தண்ணீர் வரும் இடத்தில்தான் பாலம் வைக்க முடியும். எனவே ஒவ்வொரு சிறுபாலமும் இங்கே ஓர் ஓடையோ வரத்துக்காலோ இருந்தது என்பதற்கான சாட்சி. இன்று அவற்றில் பலவற்றின் அடியில் சீமைக்கருவேல்தான் ஓடுகிறது.

ஊர்க்கணக்கில் வாய்க்கால் அழியலாம். ஆக்கிரமித்தவன் 'இங்க ஓடையே கிடையாது' என்று சாதிக்கலாம். ரயில்வே தன் மேட்டைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய பாலம் பொய் சொல்லாது. விருதுநகரிலிருந்து மானாமதுரை வரை இந்தப் பாலங்களை எண்ணி, கிராம வரைபடத்தோடும் கண்மாய்ப் பதிவோடும் யாராவது ஒப்பிட வேண்டும். ரயில் வரலாறாகத் தொடங்கும் அந்த வேலை, தண்ணீரின் வரலாறாக முடியும்.