டர்போ போகலை மக்கா, காத்துதான் போச்சு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எனக்குப் பிடிச்ச ரெண்டு சங்கதி, பழைய வரலாறும் டீசல் புகையும், ஒண்ணா சேர்ந்து வர்ற சந்தர்ப்பம் அடிக்கடி கிடைக்காது பாருங்க :-) கொஞ்சம் நீளம்தான். ஒரு டீயைப் போட்டுக்கிட்டு உட்காருங்க.

என் தங்கச்சி மாப்பிள்ளை நாங்குநேரியில் ஒரு டர்போ டீசல் மினி லாரி வச்சிருக்கார். களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏத்தி, நாகர்கோவில் வழியா திருவனந்தபுரம் போகணும். விடியறதுக்குள்ள சந்தையில் இறக்கலைன்னா விலை போயிரும். சில வருஷம் முன்னால அந்த வண்டி லோடோட ஏத்தத்தில் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. பின்னாடி பார்த்தா கரும்புகை. ஒரு பெரிய பட்டறையில் காட்டினார். "டர்போ போச்சு, மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. தங்கச்சியோட சங்கிலி பேங்குக்குப் போச்சு, புது டர்போ வந்துச்சு. ஆனா புகை மட்டும் போகலை.

கடைசியில் நாலுவழிச் சாலை ஓரத்தில் சின்னதா பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட போனோம். வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்துட்டு, "தம்பி, டர்போ நல்லாத்தான் காத்து அடிக்கி. அடிச்ச காத்து எஞ்சினுக்குப் போய்ச் சேரல, அதான்" என்றார். அவர் அதை எப்படிக் கண்டுபிடிச்சார்னு கடைசியில் சொல்றேன். அன்னைக்கு ராத்திரி அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடலை. தேடிப் படிச்சப்போ தெரிஞ்சது இதுதான்: டர்போவோட நூறு வருஷ வரலாறே ரெண்டு எதிரிகளோட நடந்த சண்டை. ஒண்ணு சூடு, இன்னொண்ணு கசிவு.

முதல்ல சூட்டைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பு அடிப்பக்கம் கொதிக்குதில்லையா, அதேதான். காற்றை அழுத்தினா சூடாகும். சூடான காற்று விரியும், அதே இடத்தில் கொஞ்சமாத்தான் அடங்கும். தோராயமா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூர் வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போற காற்றை டர்போ ரெண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனா, வெளியே வரும்போது 130 டிகிரி வாக்கில் இருக்கும். அதை 60 டிகிரிக்குக் குளிர வைச்சா, அதே இடத்தில் சுமார் 20 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். இந்த வேலையைச் செய்யறதுதான் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டர் மாதிரி இருக்கும். ஆனா உள்ளே தண்ணி ஓடாது, காற்றுதான் ஓடும்.

டர்போவுக்கு அப்பன் ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். வீணாப் போற புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுத்தி, அதை வச்சு எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கலாம்னு 1905லேயே காப்புரிமை வாங்கிட்டார். அந்த யோசனை கப்பல் எஞ்சினில் உருப்படியா வேலை செய்ய இருபது வருஷம் ஆச்சு. அதுக்கு நடுவில் 1918ல், அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான எஞ்சினைத் தூக்கிக்கிட்டு 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே போனார். கடல் மட்டத்தில் 350 குதிரைசக்தி கொடுத்த எஞ்சின், மெல்லிய காற்றில் 230ஆ சுருண்டு போச்சு. டர்போவை மாட்டினதும் 356!

அப்புறம் இரண்டாம் உலகப்போர். லாக்ஹீட் பி-38 போர் விமானத்தில் டர்போவும் இருந்தது, இன்டர்கூலரும் இருந்தது. இன்டர்கூலரை இறக்கையோட முன்விளிம்புக்குள்ளேயே மறைச்சு வச்சிருந்தாங்க. பார்க்க அழகுதான். ஆனா எஞ்சின் சக்தியைக் கூட்டிக்கிட்டே போனப்போ அந்த இன்டர்கூலரால ஈடுகொடுக்க முடியலை. 1,425 குதிரைசக்தி தரக்கூடிய எஞ்சினைக் கட்டுப்படுத்தித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. 1943ல் வந்த 'ஜே' மாடலில் எஞ்சின்களுக்குக் கீழே தாடை மாதிரி பெரிய இன்டர்கூலரை வச்ச பிறகுதான் முழு சக்தி வெளியே வந்துச்சு. இன்னைக்குப் பசங்க காரில் பெரிய இன்டர்கூலர் மாத்தறாங்களே, அதை அன்னைக்கே ராணுவம் செஞ்சிருச்சு!

காருக்கு வருவோம். 1962ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. சூட்டைத் தணிக்க, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கில் ஊத்தணும். வாங்கினவங்க ஊத்த மறந்தாங்க. அடுத்த வருஷமே அந்தக் கார் நின்னு போச்சு. 1978ல் போர்ஷே தன்னோட 911 டர்போவுக்கு இன்டர்கூலர் வச்சது. எஞ்சினையும் கொஞ்சம் பெருசாக்கினதால, 260 குதிரைசக்தி 300 ஆச்சு.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நாங்குநேரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு மக்கா.

எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்தில்தான் திருக்குறுங்குடி. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877ல் பிறந்த ஊர். டி.வி.எஸ்.ஸில் வர்ற அந்த 'டி' திருக்குறுங்குடிதான். 1912ல் பஸ் சர்வீஸ் தொடங்கினவர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸெல்லாம் நிக்கிற நிலைமை வந்தப்போ, டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் உருவாச்சு. அதாவது, அடுப்புக்கரியை அளவான காற்றில் எரிச்சு, வர்ற வாயுவை எஞ்சினுக்குக் கொடுக்கறது.

இங்கதான் எனக்குப் புல்லரிச்சது. கரிவாயு எஞ்சினுக்கும் அதே ரெண்டு எதிரிகள்தான்! அடுப்பில் இருந்து கொதிக்கக் கொதிக்க வர்ற வாயுவை அப்படியே உள்ளே விட்டா, விரிஞ்ச வாயுவில் சரக்கு குறைவு, இழுவை இருக்காது. அதனால வடிகட்டியோட குளிர்விக்கவும் ஒரு ஏற்பாடு வேணும். குழாயில் எங்கயாவது ஓட்டை இருந்தா, எஞ்சின் வாயுவுக்குப் பதிலா வெளிக்காற்றை உறிஞ்சிரும், கலவை கெட்டுரும். டர்போவில் காற்று வெளியே கசியும், கரி பஸ்ஸில் காற்று உள்ளே கசியும். அவ்வளவுதான் வித்தியாசம். இன்டர்கூலர்னு ஒரு பேர் நம்மூர்க் காதில் விழறதுக்கு முன்னாடியே, நம்ம பஸ் மெக்கானிக்குகள் இந்தப் பாடத்தைப் படிச்சு முடிச்சிருக்காங்க.

அந்தக் குடும்பத்து நிறுவனங்களின் முதலீட்டில்தான் 1982ல் டர்போ எனர்ஜி கம்பெனி தொடங்குச்சு. தொழில்நுட்பம் ஜெர்மனியோடது, ஆலை மாமல்லபுரம் பக்கம் பையனூரில். அதுக்கப்புறம் டர்போவை நம்மூர் டீசல் வண்டிகளில் பரவலாக்கினது வேகம் இல்லை, புகைச் சட்டம். 2000க்குப் பிறகு படிப்படியா இறுகி, 2017ல் நாடு முழுக்க பி.எஸ்.4, 2020ல் பி.எஸ்.6. குளிர்ந்த காற்று உள்ளே போனா நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அதனால இன்டர்கூலரும் டர்போ கூடவே ஒட்டிக்கிச்சு.

இப்ப அண்ணாச்சி பட்டறைக்கு வருவோம். எஞ்சினை ஓட விட்டு அவர் தேடவே இல்லை. "சும்மா ஓடும்போது டர்போ அழுத்தமே குடுக்காது தம்பி. ஓஸு ரொம்ப யோக்கியன் மாதிரி இருப்பான். லோடு ஏறினாத்தான் வாயைத் திறப்பான்" என்றார். டர்போவுக்குக் காற்று போற குழாயைக் கழட்டி, அந்த வாயில் ஒரு பி.வி.சி. மூடியைப் போட்டு கிளிப்பால் இறுக்கினார். மூடியில் ஏற்கெனவே ஒரு டயர் வால்வு பொருத்தி வச்சிருந்தார். கம்ப்ரஸரில் இருந்து மெதுவா 15 பவுண்டு காற்று. ("முன்னாடி நிக்காதிய, மூடி பறந்தா மூஞ்சிதான்.") அப்புறம் சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். இன்டர்கூலருக்கு அடிப்பக்கம் ரப்பர் ஓஸில், கிளிப்புக்கு ஒட்டி, கண்ணுக்கே தெரியாத ஒரு வெடிப்பு. அங்க மட்டும் நுரை பொங்கிக்கிட்டே இருந்தது. அந்த இடத்தைச் சுத்தி வானமாமலை பெருமாளுக்குக் காப்பு சாத்தின மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு. முதல் நாளே அதைப் பார்த்திருந்தா போதும்!

டீசல் அளவா உள்ளே போகுது, காற்று பாதியில் ஓடிப்போகுது. எரியாத டீசல்தான் கரும்புகை. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமா சுத்துது. அப்படியே விட்டிருந்தா புது டர்போவும் சீக்கிரம் போயிருக்கும்.

நான் ஆர்வக்கோளாறில், "அண்ணாச்சி, பெரிய இன்டர்கூலரா மாத்திட்டா இழுவை கூடுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "இருக்கிற கூலர்ல அடைஞ்சிருக்கிற மண்ணை முதல்ல கழுவுவே" என்றார். நியாயம்தான். டர்போ அழுத்தத்தையும் டீசலையும் கூட்டாம கூலரை மட்டும் பெருசாக்கினா பெரிய லாபம் இல்லை. நிரப்ப வேண்டிய இடம் கூடும், மிதிச்சதும் வர்ற வேகம் கொஞ்சம் மந்தமாகும். கூடுதலா ஒவ்வொரு இணைப்பும் கசியறதுக்கு இன்னொரு வாய்.

புது ஓஸும் ரெண்டு கிளிப்பும் சில நூறு ரூபாய். அன்னைக்கு ராத்திரியே வண்டி வாழைத்தாரோட புகையில்லாம கிளம்பிச்சு. மாப்பிள்ளை போன் பண்ணி, "மச்சான், நாலாவது கியர்லயே ஏறுது"ன்னார். குரலில் சந்தோஷம் பாதி, சங்கிலி நினைப்பு பாதி. அதை மீட்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆச்சு.

அதனால மக்களே, யாராவது "டர்போ போச்சு"ன்னு சொன்னா, பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியைக் கேளுங்க. அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில், கரியில் ஓடின பஸ்ஸில் போன தாத்தா பாட்டி யாராவது இருந்தா, இப்பவே உட்கார வச்சுக் கேட்டு எழுதிடுங்க. அந்த நினைவும் நாளுக்கு நாள் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.