ஒரு நோய், இரண்டு எண்கள்: அல்சைமர் குறியீட்டின் வரலாறு

அல்சைமர் நோயால் நினைவிழந்த ஒருவரின் மருத்துவப் பதிவில் இன்றும் இரண்டு குறியீட்டு எண்கள் இடம்பெறுகின்றன. மூளையில் நடக்கும் அழிவுக்கு ஓர் எண்; அதன் விளைவான டிமென்ஷியாவுக்கு மற்றோர் எண். வகைப்பாட்டு வசதிக்காக மட்டும் ஏற்பட்ட ஏற்பாடன்று இது. இந்த நோய் முதுமையின் இயல்பா, மனத்தின் கோளாறா, மூளையின் நோயா என்று ஒரு நூற்றாண்டாக நீடித்த வழக்கின் தடயம் அதில் பதிந்திருக்கிறது. அந்த வழக்கின் செலவை நோயாளிகளும் அவர்களது குடும்பங்களுமே சுமந்தார்கள் என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

1901இல் பிராங்க்பர்ட் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டபோது அகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணுக்கு வயது 51. 1906 ஏப்ரலில் அவர் இறந்த பின், அங்கே அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவரது மூளையை ஆராய்ந்தார். நரம்புச் செல்களுக்குள் முறுக்குண்ட இழைகளையும் வெளியே படிந்த திட்டுகளையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் தூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அறிவித்தார். 1910இல் உளமருத்துவர் எமில் கிரெப்பலின் தமது உளமருத்துவப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இதற்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அத்துடன் ஒரு கோட்டையும் கிழித்தார்: நடுவயதில் வந்தால் அல்சைமர் நோய், முதுமையில் வந்தால் முதுமை டிமென்ஷியா. இந்த நோயின் மருத்துவப் பொருள் இன்னும் தெளிவாகவில்லை என்று அவரே எழுதியிருந்தும், பின்வந்தோர் அந்தக் கோட்டை உறுதியான எல்லையாகவே எடுத்துக்கொண்டனர்.

குறியீட்டு நூல்களும் அந்த எல்லையை அப்படியே ஏற்றன. 1893இல் ஜாக் பெர்த்தியோன் உருவாக்கிய பன்னாட்டுப் பட்டியல் இறப்புக் காரணங்களை மட்டுமே வகைப்படுத்தியது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றுக் கொண்டுவந்த அதன் ஆறாம் திருத்தத்தில்தான், உயிரோடு இருப்பவரின் நோய்களுக்கும் எண்கள் கிடைத்தன. அதில் முதுமை மனநோய்க்கு 304, முதுமைக்கு முந்திய மனநோய்க்கு 305. மனநோய் இல்லாத வெறும் தளர்ச்சிக்கு 794 என்ற எண் வேறோர் அத்தியாயத்தில் இருந்தது. அல்சைமர் என்ற பெயருக்கென்று தனி எண் இல்லை. எண்பது வயதில் நினைவிழந்த ஒருவர் மூப்பின் கணக்கிலோ மனநோயின் கணக்கிலோதான் சேர முடிந்தது.

கிரெப்பலினின் கோட்டை முதலில் அசைத்தவை ஆய்வகச் சான்றுகள். 1960களில் நியூகாசிலில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவரும் டிமென்ஷியா கொண்ட முதியோரின் மூளைகளை ஆராய்ந்து, அல்சைமர் கண்ட அதே திட்டுகளையும் இழைகளையும் பரவலாகக் கண்டனர். 1976இல் நரம்பியல் ஆய்விதழ் ஒன்றின் தலையங்கத்தில் ராபர்ட் காட்ஸ்மன் இதன் முடிவை வெளிப்படையாக எழுதினார்: இரண்டும் ஒரே நோய், அதனால் இது அமெரிக்காவின் முதன்மையான உயிர்க்கொல்லிகளுள் ஒன்று, அரசின் இறப்புப் புள்ளிவிவரமோ இதைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. சில பக்கங்களே கொண்ட அந்தத் தலையங்கத்தை இவ்வரலாற்றின் திருப்புமுனை என்றே சொல்வேன்.

1979இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் திருத்தம் அல்சைமருக்கு 331.0 என்ற எண்ணை நரம்பு மண்டல அத்தியாயத்தில் தந்தது. ஆனால் முதுமை டிமென்ஷியாவும் முதுமைக்கு முந்திய டிமென்ஷியாவும் மனநோய் அத்தியாயத்தில் 290ஆம் எண்ணிலேயே தங்கிவிட்டன. ஒரே நோயாளியை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்பது பதிவு செய்பவரின் கையில் இருந்தது.

இது ஏட்டளவில் நின்ற குழப்பமன்று. அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மனநோய்க்கான வெளிநோயாளர் சிகிச்சையில் பாதிச் செலவை நோயாளியின் தலையில் வைத்தது. மற்ற நோய்களுக்கு அவர் பங்கு ஐந்தில் ஒன்றுதான். 290 முதல் 319 வரையிலான எண்கள் மனநோய்க் கணக்கில் சேர்ந்தன. எனவே 331.0 என்று எழுதுவதா, 290 என்று எழுதுவதா என்பதைப் பொறுத்து நோயாளியின் கட்டணம் மாறக்கூடியதாக இருந்தது. இந்த வேறுபாடு படிப்படியாகக் குறைந்து முழுவதும் நீங்கியது 2014இல்தான். இன்னும் கடுமையான ஒன்றும் நடந்தது. டிமென்ஷியா எண்ணைக் கண்டவுடனே, இவரால் பயன்பெற முடியாது என்ற அனுமானத்தில் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றுக்கான தொகையை, மெடிகேரின் சார்பில் பணம் வழங்கிய சில நிறுவனங்கள் தாமாகவே மறுத்துவந்தன. எண்ணை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற உத்தரவு 2001 செப்டம்பரில் வந்தது. அதுவரை, எழுந்து நடக்கப் பழகியிருக்கக்கூடிய மனிதர்களுக்கு ஓர் எண் குறுக்கே நின்றது. மருத்துவர் ஒருவர் பரிசோதித்துச் சொன்ன முடிவைவிட அந்த எண்ணுக்கு வலு அதிகமாக இருந்தது.

1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் சமரசம் தேடியது. ஜி30 என்ற நோய் எண்ணுக்குக் குறுவாள் குறியும், எஃப்00 என்ற டிமென்ஷியா எண்ணுக்கு உடுக்குறியும் இட்டு இரண்டையும் இணைத்தது. முதுமையில் வருவதும் அல்சைமரே என்று முழுமையாக ஏற்றாலும், 65 வயதை எல்லையாக்கி, முன்தொடக்கம், பின்தொடக்கம் என்ற பிரிவாகக் கிரெப்பலினின் கோட்டை உள்ளே வைத்துக்கொண்டது. அமெரிக்கா 1999இல் இறப்புப் பதிவுக்கு இதைக் கைக்கொண்டபோது, அல்சைமர் இறப்புகள் முந்தைய ஆண்டின் 22,725இலிருந்து 44,536ஆக உயர்ந்தன. முன்பு முதுமைக்கு முந்திய டிமென்ஷியாவின் எண்ணான 290.1இல் அடைபட்டிருந்த இறப்புகள் ஜி30க்கு மாறியது இதன் முக்கியக் காரணம். இரு திருத்தங்களையும் ஒப்பிட்ட அரசு ஆய்வு, எண் மாற்றம் மட்டுமே கணக்கை ஏறத்தாழ 1.55 மடங்காக்கும் எனக் கண்டது. நோய் பரவிவிட்டதென்று இந்த எண்ணிக்கையை வாசிப்பது பிழை. முன்பு கணக்கில் வராதவர்கள் வரத் தொடங்கினார்கள் என்பதே பொருத்தமான வாசிப்பு.

மனமா, மூளையா என்ற வழக்கு பதினோராம் திருத்தத்திலும் ஓயவில்லை. வரைவு நிலையில் டிமென்ஷியாக்கள் அனைத்தும் நரம்பியல் அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டன. உளமருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. பல நாடுகளில் இந்நோயாளிகளைப் பார்ப்பது தாங்களே, எண் இடம்மாறினால் சேவையும் நிதியும் குலையும் என்றன. அவர்கள் அச்சத்தை மெடிகேரின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் வெறும் துறைப் போட்டியாக ஒதுக்க முடியாது. இறுதியில், 2022இல் நடைமுறைக்கு வந்த வடிவில், நோய் நரம்பியலில் 8ஏ20 ஆகவும், டிமென்ஷியா மனநல அத்தியாயத்தில் 6டி80 ஆகவும் நின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா, தான் இன்னும் பயன்படுத்தும் பத்தாம் திருத்தத்தின் டிமென்ஷியா எண்களை விரித்தது. நிலை லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்பதையும், கிளர்ச்சி, மனச்சோர்வு, பதற்றம் போன்றவை உடனிருக்கின்றனவா என்பதையும் இப்போது எண்ணே சொல்கிறது. அங்கே நோயின் எண் முதலிலும் டிமென்ஷியாவின் எண் அடுத்தும் எழுதப்படுகின்றன. இரவெல்லாம் உறங்காமல் அலையும் ஒருவருக்கும், பெயர்களை மட்டும் மறக்கத் தொடங்கியுள்ள ஒருவருக்கும் வேண்டிய பராமரிப்பு வேறு. அந்த வேறுபாடு அங்கே இந்த அளவுக்கு விரிவாக எண்ணில் ஏறியது அப்போதுதான்.