பிரிவு 115: புத்தூரிலிருந்து ஓர் உரை

முதலில் சட்ட வாசகம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவில் இரண்டே உட்பிரிவுகள். அவற்றின் சாரம் இது:

(1) இந்தியத் தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும், தற்கொலைக்கு முயன்ற எவரும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய, கடும் மனஉளைச்சலில் இருந்தவராகவே கொள்ளப்படுவார். அச்சட்டப்படி அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது.

(2) அப்படி முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்தைக் குறைக்க, அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது உரிய அரசின் கடமை.

இதைப் புத்தூரில் உட்கார்ந்து படிக்கக் காரணம் உண்டு. திருச்சியின் பெரிய ஜி.ஹெச். இங்கேதான் இருக்கிறது. மணப்பாறை, துறையூர், முசிறிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றிவரும் 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வாசல் இது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியதும் திருச்சியில்தான், 1997-ல்.

‘309-ஆம் பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும்’

309 வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு, 1860-ல் எழுதியது. முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல். 1994-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1996-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. 115 அதை நீக்கவில்லை, செயலற்றதாக்கி வைத்தது, அவ்வளவுதான். 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதுதான் 309 ஒழிந்தது.

தண்டனை அனுபவித்தவர்கள் குறைவு. கெடுதல் வேறு இடத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போட்டால் போலீஸ் வரும், கேஸ் ஆகும் என்ற பயத்தில், “தெரியாம பட்டுடுச்சு”, “வயித்து வலிங்க” என்று குடும்பமே மாற்றிச் சொல்லும். டாக்டருக்குக் கிடைத்தது பொய், கணக்கெடுத்த அரசுக்குக் கிடைத்ததும் அதே பொய். கிராமத்துச் சாவுகளைப் புரிந்துகொள்ள விரும்பிய அரசு, தன் சட்டத்தாலேயே அதற்குத் தடைபோட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வால் மட்டும் இன்னும் மிச்சம். அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு முயன்றால் குற்றம் என்கிறது புதிய சட்டத்தின் 226-ஆம் பிரிவு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வருகிறவர்களின் பையை கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் சோதிப்பதைப் பார்த்தவர்களுக்கு, இது யார்மேல் பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடும் உளைச்சல் என்ற அனுமானம் அவர்களுக்கு மட்டும் ஏன் கிடையாது?

‘எவரும்’

இந்தச் சொல்லில் ஆண், பெண், நிலமுள்ளவர், கூலிக்காரர் எல்லோரும் அடக்கம். கணக்கு எழுதும்போதுதான் பிரிகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அதில் விவசாயத் துறை என்று எழுதப்பட்டவர்கள் 728 பேர். மற்றவர்கள் எல்லாம் நகரத்துக்காரர்களா? பாதி நாள் களையெடுத்து, பாதி நாள் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண் ‘இல்லத்தரசி’ ஆகிவிடலாம். கட்டட வேலைக்குப் போய்வரும் குத்தகை விவசாயி ‘தினக்கூலி’ ஆகிவிடலாம். காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதுவது எழுதுகிற போலீஸ்காரருக்கு எளிது. கடன், பொய்த்த மழை, குடி, நோய் எல்லாம் சேர்ந்துதான் ஒரு வீட்டில் குடும்பப் பிரச்சினையாகின்றன. கட்டமோ ஒன்றைத்தான் கேட்கிறது.

‘வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய’

சுமை இடம் மாறுகிறது. நான் உடைந்துபோயிருந்தேன் என்று பிழைத்தவர் நிரூபிக்க வேண்டாம். சட்டம் அவரை நோயாளி என்றும் சொல்லவில்லை, உளைச்சல் என்றதோடு நிறுத்துகிறது. இது நல்ல நிதானம். கடனில் மூழ்கியவரை மனநோயாளி என்று எழுதிவிட்டால் கடனைப் பற்றி யாரும் பேச வேண்டியிராது.

மனநலப் பராமரிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது 2017 மார்ச் 27. அன்று விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில், வறட்சி நிவாரணம் கேட்டு, திருச்சிப் பக்கத்து விவசாயிகள் மண்டையோடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தமிழ்நாடு வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. அந்த ஏப்ரலில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில், விவசாயிகள் இறந்தது வறட்சியால் அல்ல என்று வாதிட்டது. பிழைத்தவருக்கு அனுமானத்தின் சலுகை. இறந்தவரின் குடும்பத்துக்கோ நிரூபிக்கும் சுமை. சட்டத்துக்கு இந்த முரண் தெரியாது, கிராமத்துக்குத் தெரியும்.

‘உரிய அரசின் கடமை’

மாநில மருத்துவமனைகளைப் பொறுத்தவரை மாநில அரசு. ஆனால் அதன் கை எவ்வளவு நீளும்? தற்கொலைகளைக் குறைக்க 2022 முடிவில் தமிழ்நாடு ஆறு பூச்சிமருந்துகளைத் தடைசெய்தபோது தடைக்காலம் 60 நாள். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்தது தற்காலிகத் தடைக்கான அதிகாரம் மட்டும்தான். நிரந்தரத் தடை டெல்லியின் கையில்.

இலங்கை இதைச் செய்துகாட்டிவிட்டது. 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை. ஒரு கணத்தின் ஆவேசம் தணிகிறவரை கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாமலிருந்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள் என்பதே இதன் உட்பொருள். நம் பக்கத்திலும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு ஒன்றைச் செய்து பார்த்தது: மருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைப்பது. விவசாயிகள் ஒத்துக்கொண்டார்கள், சாவும் குறைந்தது. இரண்டே ஊர், சிறிய கணக்குதான். ஆனால் இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

‘கவனிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும்’

நடுவில் உள்ளது நடக்கிறது. மற்ற இரண்டையும் அரசில் யார் செய்வது என்று பிரிவு சொல்லவில்லை.

‘மறுபடி முயலும் ஆபத்தைக் குறைக்க’

ஒருமுறை முயன்றவர்தான் மற்ற எவரையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் மிகவும் கடினமானவை. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வீடு திரும்பும்முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். புதிய மருந்தோ மெஷினோ இல்லை, ஒன்பது விசாரிப்புகள்தான்.

2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, மாநிலத்தின் 104 இரண்டும் இரவு பகலாக எடுக்கப்படும் எண்கள். மனம் தாளாத எவரும் கூப்பிடலாம். ஆனால் அவை நாம் கூப்பிட்டால் பேசும் எண்கள். இரண்டாம் உட்பிரிவு கேட்பது, அரசு நம்மைக் கூப்பிடுவதை. ஏ.ஆர். போட்டதும் காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. பிழைத்தவர் சம்மதித்தால் அதே தகவல் அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு ஏற்கெனவே அந்தத் தெருவுக்குப் போகிற ஊழியர், அந்த வீட்டிலும் ஒன்பது முறை உட்கார்ந்துவிட்டு வரலாம்.