டிரஸ்ஸர் என்னும் சொல்லும் தோட்டத்து மருத்துவமும்

மலாயாத் தோட்டப்புறத் தமிழில் வழங்கிய பிறமொழிச் சொற்களை நாம் தொகுக்கத் தொடங்கியபோது கிராணி, தண்டல், மண்டோர் முதலியவற்றை விரைவில் எழுதி முடித்தோம். ‘டிரஸ்ஸர்’ என்னும் சொல்லுக்குரிய அட்டை மட்டும் நெடுநாள் வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் காரணம் மொழியியல் அன்று. எம் தந்தையாரின் இறப்புக்கு ஒரு டிரஸ்ஸரே பொறுப்பு என எம் வீட்டில் அனைவரும் கருதியிருந்தோம்.

1971ஆம் ஆண்டு. தந்தையார் பால்மரம் வெட்டுபவர். ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் நெஞ்சும் இடக்கையும் வலிப்பதாகக் கூறித் தோட்டத்து மருந்தகத்திற்குச் சென்றார். டிரஸ்ஸர் வெப்பமானியை வாயில் வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. வயிற்றுக்கென்று வெள்ளை மருந்து ஒரு புட்டியில் ஊற்றிக் கொடுத்து வேலைக்கு அனுப்பினார். அன்று இரவு வலி மிகுந்தபோது அம்மா ஓடிச்சென்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். காலையில் அழைத்து வருமாறு உள்ளிருந்தே விடை வந்தது. தோட்டத்து லோரியில் நகர மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் தந்தையாரின் உயிர் பிரிந்தது. நமக்கு அப்போது பதின்மூன்று வயது.

ஆங்கிலத்தில் அச்சொல்லின் நேர்ப்பொருள் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதே. மருத்துவரின் அருகில் நின்று துணி சுற்றும் உதவியாளரை அது குறித்தது. தோட்டத்தில் மருத்துவர் அருகில் இல்லை. அவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர், முறை வைத்து வந்து போனவர். எனவே கட்டுப் போடுபவரே நோயறிபவராகவும் மருந்து கலப்பவராகவும் ஆனார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணியாளர்களைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்று பெயரிட்டுப் பதிவு செய்ய வகை செய்தது. மக்கள் நாவில் பழைய பெயரே நின்றது.

அம்மருத்துவமனைகள் தோன்றிய சூழலை அறிந்தால் அந்த வெப்பமானியின் வரலாறும் விளங்கும். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அங்கும் அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் மலேரியாவால் மக்கள் மடிவதைக் கண்டார். சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை அகற்றியபின் காய்ச்சல் தணிந்தது. அதே முறை மலைச்சரிவுத் தோட்டங்களில் பொய்த்தது. தாழ்நிலத்துக் கொசு நிழல்பட்ட நீரில் வளர்வது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடைகளில் வளர்வது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் கொடுத்ததே அங்கு நோயைப் பெருக்கியது. இரப்பருக்காகக் காடழித்த நாட்டில் இதன் விளைவை யார் சுமந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாட்சன் தம் ஆய்வை 1911ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். கூலிகளின் உயிர்மேல் அவருக்கிருந்த அக்கறை மெய்யானது என்றே நாம் கொள்கிறோம். ஆனால் தோட்ட நிருவாகத்தின் கணக்கு வேறு: காய்ச்சலில் கிடப்பவன் மரம் வெட்டமாட்டான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியது. அக்கடமையை நிறைவேற்றிய டிரஸ்ஸர் முதலாளியிடமே சம்பளம் பெற்றார். பெரட்டில் கொயினா கொடுப்பதும், ‘சீக்கு’ என்று சொல்பவர் உண்மையில் சீக்காளியா என்று தேர்வதும் அவர் வேலை. அத்தேர்வுக்குக் கையில் இருந்த அளவுகோல் காய்ச்சல். கொள்ளைநோயை எதிர்க்க எழுந்த மருத்துவம் அது; காய்ச்சலின்றி வரும் நெஞ்சுவலியைக் கேட்க அது பழக்கப்படவில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் அக்காலை நிகழ்ந்ததை ஒருவாறு ஏற்றுக்கொண்டோம். அட்டையும் நிரம்பியது. இரவில் திறவாத கதவுக்கு மட்டும் எந்த ஆவணத்திலும் விளக்கம் கிடைக்கவில்லை. கட்டுப் போட மட்டுமே கற்றவராயினும் எழுந்து வந்திருக்கலாம். லோரி சில மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருக்கும். பிழைத்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

வரலாறு எழுதுவோர்க்குச் செயப்பாட்டு வினை வசதியானது. ‘நோயாளி திருப்பி அனுப்பப்பட்டார்’ என்று எழுதினால் அனுப்பியவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். நாமும் எம் முதல் குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

அம்மா அவ்வாறு பேசியதில்லை. ஒருநாள் வாட்சனையும் கொசுவையும் சட்டத்தையும் அவரிடம் விரிவாக எடுத்துரைத்தோம். வெற்றிலை மடித்தபடியே முழுதும் கேட்டார். “எல்லாம் சரிதான்யா. ஆனா அந்த டிரஸ்ஸரு உங்கப்பாவப் பாக்கலையே” என்றார். வெப்பமானி வைத்தாரே, மருந்து கொடுத்தாரே என்றோம். “மருந்து குடுத்தாரு. பாக்கல.”

தமிழில் ‘பார்’ என்பது கண்ணால் காண்பதையும் குறிக்கும், வைத்தியம் செய்வதையும் குறிக்கும். அம்மா எப்பொருளில் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. ‘பார்’ என்னும் அட்டையில் அவ்வாக்கியத்தை எடுத்துக்காட்டாக எழுதி, எழுவாயைக் கோடிட்டு வைத்தோம்.