சுழல் எஞ்சின் விமானங்களில் தீப்பொறி: மேக்னெட்டோ முதல் காயில் வரை

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக்கின் முனையில் தோன்றும் தீப்பொறி. அதற்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தை மேக்னெட்டோ அல்லது இக்னிஷன் காயில் உண்டாக்குகிறது. சாலையில் தீப்பொறி நின்றுபோனால் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது நின்றால் விமானி உடனே இறங்க இடம் தேட வேண்டும். ஆகவே தீப்பொறியை அறுபடாமல் காப்பது விமான எஞ்சின் வரலாற்றின் தொடக்கத்திலிருந்தே முக்கியச் சிக்கலாக இருந்துவருகிறது. தனியார் தாமே கட்டும் விமானங்களில் கார் எஞ்சின்கள் இடம்பெற்றபோது இச்சிக்கல் புதிய வடிவில் திரும்பி வந்தது.

சென்னையில் கட்டப்பட்ட விமானம்

விமானத்தை விலைக்கு வாங்காமல் தாமே கட்டிப் பறக்கும் முயற்சி தமிழகத்தில் 1910ஆம் ஆண்டிலேயே நடந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த கோர்சிகா தீவினரான ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ், 1909இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் தூண்டப்பட்டு, சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைக் கட்டித் தந்தது வண்டிகள் செய்வதில் பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனம். சிறிய எஞ்சின் பொருத்திய அந்த விமானம் பல்லாவரத்தில் சோதிக்கப்பட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்தது.

மேக்னெட்டோவின் காலம்

அக்காலத்தில் தீப்பொறிக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, மின்கலமும் காயிலும். மற்றொன்று, எஞ்சினே சுழற்றும் நிலைக்காந்தத்தின் மூலம் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ. ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தில், எஞ்சினைக் கிளப்ப உலர் மின்கலங்களும் காயிலும் பயன்பட்டன. ஆனால் அவை விமானத்துடன் பறக்கவில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மேக்னெட்டோவே பொறுப்பேற்றது. 1902இல் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக்குகளுக்கு நேரடியாக மின்சாரம் தந்தது.

1909இல் பிரான்சின் செகான் சகோதரர்களின் நோம் எஞ்சின் விமானத் துறையில் பரவலானது. ஏழு சிலிண்டர்களும் 50 குதிரைத்திறனும் கொண்ட இதில் அச்சுத்தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் அனைத்தும் விசிறியுடன் சேர்ந்து சுழன்றன. சுழலும் சிலிண்டர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல, அசையாத மேக்னெட்டோவிலிருந்து கரித்துண்டு ஒன்று சுழலும் வளையத்தைத் தொட்டது. வளையத்திலிருந்து பிளக்குகளுக்கு உறையற்ற பித்தளைக் கம்பிகள் சென்றன. மின்கலம் இல்லாததால் எடை குறைந்தது. ஆயினும் ஒரே மேக்னெட்டோ, சிலிண்டருக்கு ஒரே பிளக் என்பதால், மேக்னெட்டோ பழுதானால் எஞ்சின் நின்றுவிடும். பிற்கால விமான எஞ்சின்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளும் தனித்தனியான இரண்டு மேக்னெட்டோக்களும் வழக்கமாயின.

கார்களோ வேறு திசையில் சென்றன. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய, மின்கலத்தால் இயங்கும் காயில் முறை 1910ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் கார்களில் இடம்பெற்றது. விலை குறைவு, மெதுவாக ஓடும்போதும் வலுவான தீப்பொறி ஆகிய காரணங்களால் அதுவே பின்னர் கார்களின் பொதுமுறையாயிற்று.

வாங்கெல் எஞ்சின்

இன்று சுழல் எஞ்சின் எனப்படுவது பெரும்பாலும் பெலிக்ஸ் வாங்கெலின் பெயரால் அறியப்படும் எஞ்சினே. நோம் எஞ்சினுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் 1957இல் முதன்முதலாக ஓடிய இதில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழல்கிறது. 1967இல் மாஸ்டா காஸ்மோ காரிலும், 1978 முதல் ஆர்எக்ஸ்-7 காரிலும் இது இடம்பெற்றது. பின்னர் ஆர்எக்ஸ்-7இல் வந்த, இரண்டு ரோட்டர் கொண்ட 13பி எஞ்சினை அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் சிலர் தாம் கட்டிய விமானங்களில் பொருத்தினர். எடை குறைவு, வால்வுகள் இல்லை, அசையும் பாகங்கள் சில மட்டுமே என்பவை அவர்களை ஈர்த்தன.

இந்த எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள் உண்டு. ரோட்டர் சுழலும் திசையில் முன்னே இருப்பது லீடிங் பிளக். பின்னே இருப்பது டிரெய்லிங் பிளக். இவற்றில் ஒரு வரிசை மட்டும் வேலை செய்தாலும் எஞ்சின் குறைந்த திறனில் ஓடும். விமானத்துக்கு வேண்டிய இரட்டைப் பாதுகாப்பு கார் எஞ்சினிலேயே இயல்பாக அமைந்திருந்தது. ஆனால் அந்தப் பிளக்குகளை இயக்கியது மேக்னெட்டோ அல்ல, காயில்.

அறுந்த கம்பியின் விளைவு

மேக்னெட்டோவை நிறுத்தும் சுவிட்சு, அதன் கம்பியை எஞ்சின் உடலுடன் இணைத்துத் தீப்பொறியை அடக்குகிறது. அந்தக் கம்பி வானில் அறுந்தாலும் மேக்னெட்டோ தொடர்ந்து வேலை செய்யும். காயிலில் நிலைமை நேர் எதிர். மின்சாரம் கொண்டுவரும் கம்பி அறுந்தால், பியூஸ் போனால், மின்கலம் தீர்ந்தால் தீப்பொறி நின்றுவிடும். எனவே மேக்னெட்டோ தானாகத் தந்த சுதந்திரத்தைக் கம்பி இணைப்பின் மூலம் மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று.

இதற்கான முதல் விதி, இரண்டு பிளக் வரிசைகளும் எதையும் பகிரக் கூடாது என்பது. லீடிங் காயில்களுக்கு ஒரு பியூஸும் சுவிட்சும், டிரெய்லிங் காயில்களுக்கு வேறொரு பியூஸும் சுவிட்சும் தேவை. ஆல்டர்னேட்டர் பழுதானாலும் தரையிறங்கும் வரை தாக்குப்பிடிக்க இரண்டாவது மின்கலம் உதவும். புறப்படும் முன் ஒவ்வொரு வரிசையையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தால், பழுதடைந்த பக்கம் தரையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, மின்சாரம் திரும்பும் பாதை. காரில் உலோக உடலே எர்த் பாதையாகிறது. மரத்தாலோ கண்ணாடி இழையாலோ ஆன விமான உடல் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ஒவ்வொரு காயிலுக்கும் தடித்த எர்த் கம்பி தனியே போட வேண்டும். கம்பி முனைகளில் ஈயம் உருக்கிப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் அறுந்துபோகலாம். முனையைக் கருவியால் நசுக்கிப் பிடித்து, கம்பியை அருகிலேயே கட்டிவைப்பது நீடித்து நிற்கும்.

மூன்றாவது, வெப்பமும் நேரமும். வாங்கெல் எஞ்சினின் அச்சுத்தண்டு ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரிலும் ஒருமுறை தீப்பொறி தேவை. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு பிளக் நொடிக்கு 100 முறை பொறிகிறது. நான்கு வீச்சு எஞ்சினின் பிளக்குக்கு இதே வேகத்தில் 50 முறை போதும். இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் இரு லீடிங் பிளக்குகளுக்கும் ஒரே காயில் இருந்தது. அது நொடிக்கு 200 முறை, அதாவது 5 மில்லிநொடிக்கு ஒருமுறை பொறிய வேண்டும். காயிலில் காந்தப்புலம் நிரம்பவே சில மில்லிநொடிகள் ஆகும். பிளக்குக்கு ஒரு காயில் வீதம் நான்கு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிநொடி கிடைக்கும், சூடும் குறையும், ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் இயங்கும்.

இந்தியாவில் சுழல் எஞ்சின்

இந்தியாவில் வாங்கெல் எஞ்சின் பறந்தது ஆளில்லா விமானத்தில். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் நிஷாந்த் விமானம் முதலில் இறக்குமதி செய்த வாங்கெல் எஞ்சினில் இயங்கியது. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகங்கள் பிற அரசு ஆய்வுக்கூடங்களுடன் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் எஞ்சினுடன், 2009 ஏப்ரல் 5 அன்று கோலாரில் நிஷாந்த் பறந்தது. நிஷாந்த் பாராசூட்டில் தரையிறங்கும் விமானம். அதில் ஆள் இல்லை. தாமே கட்டிய விமானத்தில் கட்டியவரே அமர்ந்து பறக்கிறார். ஒரு பியூஸோ ஒரு கம்பியோ போனதும் இரு வரிசைகளும் சேர்ந்து நிற்கக் கூடாது என்ற விதி அவருடைய உயிரைக் காப்பதற்கானது.